தகப்பன் இல்லாத முட்டைகள்

ஆகஸ்ட் 11, திங்கள்

மாவு பிசையும் இயந்திரம் இன்றும் ஓடவில்லை. பெல்ட் மாற்ற ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. சுடலை மாஸ்டர் கையாலேயே பிசைந்தார். பன் கொஞ்சம் கெட்டியாகத்தான் வந்தது. வாங்கினவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு வடிவோடு வண்ணார்பேட்டை கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இதுவரை எல்லாச் சோதனையும் வடிவுக்குத்தான். ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒன்று, அதற்கு மேலும் ஒன்று. எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் வந்தது. போன வாரம்தான் முதல் முறையாக என்னிடம் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள்.

டாக்டர் ஷகிலா பானு முடிவைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"பேக்கரி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம்."

"அடுப்புப் பக்கத்துலயே நிப்பீங்களா?"

"முன்னால நின்னேன். இப்ப கல்லாவுல."

சூடு விந்தணுவைக் குறைக்கும் என்றார். ஆனால் குறைவாக இருப்பது வேறு, அறவே இல்லாமல் இருப்பது வேறு. "உங்க மாதிரியில ஒண்ணுகூட இல்லை. இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் முடிவா சொல்லணும்."

மாதிரி மாறிப்போயிருக்கும். அங்கே நல்ல கூட்டம்.

திரும்பி வரும்போது இருவரும் பேசவில்லை. வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. பன் நிறைய மிச்சம்.


ஆகஸ்ட் 20, புதன்

வடிவு கல்லூரியிலிருந்து ஒரு பாம்பைக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். மாணவிகள் குரோட்டன்ஸ் தொட்டியில் மண் மாற்றும்போது அகப்பட்டதாம். நம் கடையில் ரஸ்க் போட்டு வைக்கும் அகலவாய்ப் புட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈர மண் நிரப்பி, மூடியில் துளை போட்டு அதில் விட்டாள்.

"மண்புழு மாதிரில்லா இருக்கு?" என்றேன்.

"செதில் இருக்கு பாருங்க. பாம்புதான். புழுப்பாம்பு. கடிக்காது, விஷமும் கிடையாது. இந்த இனத்துல ஆணே கிடையாது."

"ஆணே கிடையாதுன்னா?"

"இதுவரை யாரும் கண்டுபிடிச்சதில்ல. எல்லாம் பொட்டை. தனியாவே முட்டை போடும். அதுல வாறதும் பொட்டைதான். அப்படியே தாயோட அச்சு."

இதைத் தனியாக வளர்த்து, முட்டை போடுகிறதா என்று மாணவிகள் பார்த்து எழுதப் போகிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஏசி ஓடுவதால் வீட்டில் வைத்திருக்கிறாள். இதற்குத் தீனி எறும்பு முட்டையும் கறையானும். எறும்பு முட்டைக்கு நம் கடையில் பஞ்சமில்லை, சர்க்கரை மூட்டையை நகர்த்தினால் போதும். தீனி என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். "காதுக்குள்ள போயிரும் அண்ணாச்சி, பாத்து" என்றார்.


செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது சோதனையிலும் அதே முடிவு. மாதிரி மாறவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். குரோமோசோம் பார்க்க வெளியூருக்கு அனுப்புவார்களாம், நாளாகும்.

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடிக்கும்போது வடிவிடம், "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? மைனி கேட்டா?"

"அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"எப்ப?"

இளநீர்க்காரர் வழுக்கை வேணுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.


செப்டம்பர் 14, ஞாயிறு

அம்பாசமுத்திரத்திலிருந்து பேச்சியக்கா வந்திருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். தன் நகையை விற்றுத்தான் இந்த பேக்கரிக்கு முதல் அடுப்பு வாங்கிக் கொடுத்தாள். எனக்குப் பிடிக்குமென்று சொதி வைத்தாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்.

"ஏ வடிவு, ஒனக்கு என்னதான் கோளாறுன்னு டாக்டர் சொல்லுதாவ?"

வடிவு என்னைப் பார்த்தாள்.

அடுக்களையில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை. இருந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டு, எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை தங்கள் ஊர் அம்மன் கோயிலில் வடிவு மண்சோறு சாப்பிட வேண்டுமாம். அப்படிச் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் அடுத்த வருடமே பிள்ளை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி மைனி" என்றாள் வடிவு.

டீயில் சர்க்கரை கூடிவிட்டது.


செப்டம்பர் 19, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்தோம். நல்ல வெயில். வடிவு கல்லூரிக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். குளித்து ஈரச்சேலையோடு மூன்று முறை சுற்றிவந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்காலிட்டாள். பூசாரி தரையில் சோற்றை வைத்தார். கையால் எடுக்கக் கூடாது, குனிந்து வாயால்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சாப்பிட்டாள். வடிவு அழவில்லை. அவள் கன்னத்தில் பருக்கை ஒட்டியிருந்தது.

தரையைக் கழுவிவிட்டுத்தான் வைத்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் செருப்பை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே விட்டால் தொலைந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது, "அந்தச் சின்னப் புள்ள வீட்டுக்காரரும் பக்கத்துலதான் நின்னாரு. அவருக்கு யாரும் டப்பா கொடுத்திருக்காங்களான்னு தெரியல" என்றாள்.

நான் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை வாங்கினேன்.


செப்டம்பர் 30, செவ்வாய்

ரத்த முடிவு வந்துவிட்டது. டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு எனக்கு இல்லை. பிறந்ததிலிருந்தே கிடையாது. அடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"வெளியே வரலைன்னாலும் உள்ளே அங்கங்க கொஞ்சம் உற்பத்தி இருக்கலாம். விரையைத் திறந்து மைக்ராஸ்கோப் வச்சுத் தேடுவாங்க. மதுரையில பண்றாங்க. பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு வச்சுக்குங்க. கிடைச்சா, ஒரே ஒரு அணுவை ஊசியால முட்டைக்குள்ள செலுத்திடலாம்."

"செஞ்சிருவோம்" என்றேன்.

"ஒரு விஷயம். பொண்ணு பிறந்தா பிரச்சினை இல்லை. பையன் பிறந்தா அவனுக்குப் போறது உங்க ஒய்தான். அவனுக்கும் இதே குறை இருக்கும்."

வடிவு குறித்துக்கொண்டாள். அவளுக்கு இதெல்லாம் பாடம். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோணலாக வெட்டின ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது.

மைதா விலை மறுபடி ஏறியிருக்கிறது.


அக்டோபர் 8, புதன்

புழுப்பாம்பு முட்டை போட்டிருக்கிறது. நீள அரிசி மாதிரி, வெள்ளையாக. மண்ணை விலக்கும்போது நான்தான் முதலில் பார்த்தேன். வடிவுக்கு போன் செய்தேன். வகுப்பில் இருந்தாள் போல. பிறகு அவளே கூப்பிட்டு, கலைத்துவிடாதீர்கள், அப்படியே மூடுங்கள் என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். கேட்டு நாளாகிவிட்டது.

சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கும்போது கேட்டேன். "மனுஷங்களுக்கு ஏன் இப்படி நடக்க மாட்டேங்கு?"

"நடக்கப் பாக்கும். மனுஷ முட்டையும் சில நேரம் ஆண் அணு சேராமலே தானாப் பிரிய ஆரம்பிக்கும். ஆனா புள்ளையா ஆகாது."

"ஏன்?"

"மரபணுவுல ஒரு மாதிரி முத்திரை இருக்கு. சிலதுல தாய் முத்திரை, சிலதுல தகப்பன் முத்திரை. நஞ்சுக்கொடி ஒழுங்கா வளரணும்னா தகப்பன் முத்திரை குத்தின மரபணு வேணும். அது இல்லன்னா பாதியில நின்னுரும். பாம்புக்கு, பல்லிக்கு இந்த முத்திரைத் தொல்லை கிடையாது. பாலூட்டிகளுக்கு உண்டு. ஜப்பான்ல ரெண்டு தாய்கிட்ட இருந்து தகப்பனே இல்லாம ஒரு எலியை உண்டாக்கிருக்காங்க. அதுக்கு மரபணுவையே மாத்த வேண்டியிருந்துது."

"அப்ப ஆம்பள வேணும்."

"வேணும்."

நஞ்சுக்கொடியை நான் இதுவரை பிரசவ ஆஸ்பத்திரிக் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் தகப்பனுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. இன்று பசி நன்றாக இருந்தது.


நவம்பர் 1, சனி

வியாழனன்று மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது வடிவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

ரெண்டு பக்கமும் தேடியிருக்கிறார்கள். எதுவும் இல்லை.

தையல் போட்ட இடத்தில் வலி. மாஸ்டரிடம் குடலிறக்க ஆப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறேன்.


நவம்பர் 9, ஞாயிறு

கடைக்குப் போனேன். நடக்கலாம், எடை தூக்கக் கூடாது.


நவம்பர் 18, செவ்வாய்

நஞ்சுக்கொடிக்கு ஓர் ஆண் வேண்டும். அந்த ஆண் நானாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை.

பழக்கேக்குக்கு முந்திரி, திராட்சை ஊறப்போட்டாயிற்று.


நவம்பர் 27, வியாழன்

வடிவு தேர்வுத்தாள் திருத்துவதால் முன்னறையில் படுத்துக்கொள்கிறாள். விளக்கு எரிந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று அவளே சொன்னாள். முன்பெல்லாம் விளக்கு எரிந்தபடியேதான் தூங்குவேன்.


டிசம்பர் 6, சனி

டாக்டர் கூப்பிட்டிருந்தார். விந்து வங்கியிலிருந்து வாங்கிச் செய்யலாம் என்றார். கொடுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவருக்கும் தெரியாது. ரத்த வகை, நிறம், உயரம் எல்லாம் எனக்குப் பொருந்துகிற மாதிரி பார்ப்பார்களாம். சட்டப்படி குழந்தை எங்கள் இருவருடையது.

"ஆனா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ஒருத்தர் மட்டும் வந்து கேட்டா நான் செய்ய மாட்டேன்."

வடிவு ஏற்கெனவே யோசித்திருந்தாள் என்பது அவள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்துமஸ் ஆர்டர் முடியட்டும்மா" என்றேன்.

வெளியே வந்ததும் வடிவு, "கிறிஸ்துமஸுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டாள்.

"வேலை தலைக்கு மேல கிடக்கு."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுவேன். ஒண்ணும் சொல்லாம இருக்காதீங்க."

வேலை உண்மையிலேயே தலைக்கு மேல் கிடக்கிறது. தேவாலய ஆர்டர் மட்டுமே போன வருடத்தைவிடக் கூடுதல்.


டிசம்பர் 17, புதன்

முட்டைகள் பொரிந்துவிட்டன. நூல் நூலாக நெளிகின்றன. அதில் ஆண் இருக்கிறதா என்று தேட வேண்டியதே இல்லை.


டிசம்பர் 22, திங்கள்

இது எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று அக்கா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அத்தானுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மகள், கடையத்தில் இருக்கிறாள். நர்ஸ் படிப்பு. பிறகு அக்காவே கூப்பிட்டாள்.

"வடிவு எங்கயும் போக வேண்டாம்டே. அவளும் இருக்கட்டும், யாரு வேண்டாம்னு சொன்னா? நம்ம அப்பா பேரு சொல்ல ஒண்ணு வேணும்லா?"

"பாக்கலாம்க்கா" என்றேன். கடையில் கூட்டம். வேறு எதுவும் பேச முடியவில்லை.

இன்று காலையில் வடிவின் போனில் சார்ஜ் இல்லை. என் போனை எடுத்தாள். அந்தப் படம் அதில் இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இந்தப் புள்ளைக்கு உங்க ரிப்போர்ட் தெரியுமா?"

"அழிக்க மறந்துட்டேன் வடிவு."

"மறந்ததை நான் கேக்கல."

பிறகு கல்லூரிக்குப் புறப்பட்டுப் போனாள். மத்தியானச் சாப்பாட்டை எனக்கு வழக்கம்போல எடுத்து வைத்திருந்தாள்.


டிசம்பர் 26, வெள்ளி

வடிவு கல்லூரி விடுதிக் காப்பாளர் குடியிருப்புக்குப் போயிருக்கிறாள். ஒரு பெட்டியும் பாம்புப் புட்டியும் எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் விற்பனை முடியும்வரை காத்திருந்துதான் போனாள். அவள் அப்படித்தான்.

மாஸ்டரிடம், கல்லூரியில் தேர்வு வேலை என்றேன். விடுமுறையில் என்ன தேர்வு என்று அவர் கேட்கவில்லை.


ஜனவரி 4, ஞாயிறு

பழைய விறகு அடுக்குக்குக் கீழே கறையான் இருந்தது. டப்பாவில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வாயிற்காவலர் என்ன என்று கேட்டார். பாம்புத் தீனி என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வடிவிடமிருந்து செய்தி. "கிடைச்சது."


ஜனவரி 11, ஞாயிறு

மறுபடி கறையான். "கிடைச்சது. சாப்பிட்டாச்சா?"

சாப்பிட்டேன் என்று அனுப்பினேன். பிறகுதான் ஓட்டலுக்குப் போனேன்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கடை அடைப்பு. வீட்டில் வேலை ஒன்றும் இல்லை.


ஜனவரி 24, சனி

நேற்று அம்பாசமுத்திரத்தில் காதுகுத்து. அக்கா மகள் மகேஸ்வரியின் குழந்தைக்கு. மகேஸ்வரிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை, அதனால் தாய்மாமன் முறைக்கு நான்தான். பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டை மாமன் மனைவி எடுத்து வர வேண்டும்.

வடிவு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகேஸ்வரி போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். பாளையங்கோட்டையிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்தாள். பச்சைப் பட்டு. பந்தலில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பலகையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வடிவு சீர்த்தட்டை எடுக்கக் குனிந்தாள். அக்கா வந்து அவள் கையைப் பிடித்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்டது.

"நீ தள்ளி நில்லும்மா. தப்பா எடுக்காத. புள்ளக்காரி யாராவது எடுக்கட்டும்."

வடிவு தட்டை விட்டுவிட்டாள். பந்தல் காலோரம் போய் நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மண்சோறு சாப்பிட்ட அன்றைக்கும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

அப்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. முன்கூட்டி நினைத்துக்கொண்டு போகவும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அக்கா, அவ தட்டைத் தொடக் கூடாதுன்னா நானும் புள்ளைய மடியில வைக்கக் கூடாது."

"என்னடே பேசுத? உக்காரு, நேரமாவுது."

"குறை அவகிட்ட இல்ல. என்கிட்ட. எனக்கு விந்தணு கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. மதுரையில வெட்டிப் பாத்தாச்சு."

மேளக்காரர் நிறுத்திவிட்டார். அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டினார், பிறகு அவிழ்த்துவிட்டார். பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் அப்படியே நின்றார்.

அக்கா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள். "எத்தனை பேரு முன்னால என்ன வார்த்தை பேசுத! ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"மண்சோறு நான்லா சாப்பிட்டிருக்கணும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடே. அவளைப் போயி..." என்றாள்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. மகேஸ்வரிதான் முதலில் அசைந்தாள். என் தோளைத் தொட்டு, "மாமா, உக்காருங்க. புள்ள அழுதுல்லா" என்றாள். பிறகு பந்தல் கால் பக்கம் திரும்பி, "அத்தை, தட்டை எடுத்துட்டு வாங்க. ஆசாரிக்கு அடுத்த வீடு இருக்கு" என்றாள்.

வடிவு வந்து தட்டை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. ஆசாரி இரண்டு காதும் குத்தினார். பிள்ளை என் சட்டையை நனைத்துவிட்டது.

சாப்பாட்டில் என் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வடிவு வந்து உட்கார்ந்தாள். "அவியல்ல உப்பு கம்மி" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வண்ணார்பேட்டையில் இறங்கி விடுதிக்குப் போவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை.


பிப்ரவரி 2, திங்கள்

பெட்டியும் புட்டியும் வீட்டுக்கு வந்துவிட்டன. அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மாஸ்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. குடலிறக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.


பிப்ரவரி 9, திங்கள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். "புள்ள பெரிசானதும் சொல்லணுமா?"

"அது உங்க முடிவு. ஆனா சின்ன வயசுலயே சொன்ன வீடுகள்ல பிரச்சினை குறைவுன்னுதான் பார்த்திருக்கேன்."

"சொல்லிருவோம்" என்றேன். வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுதும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. பேனாவை ஒரு முறை கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். இஷ்டமில்லாமல் இல்லை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கும் என்று நினைத்ததால்.


பிப்ரவரி 20, வெள்ளி

முதல் முயற்சி. ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அறைக்குள் என்னையும் விட்டார்கள். சின்னக் குழாய் ஒன்றில் இருந்தது. அதைப் பார்த்து யாரோ ஒருவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எந்த ஊரோ.


மார்ச் 7, சனி

கரு நிற்கவில்லை. வடிவு குளியலறையிலிருந்து வர நேரமானது. கதவைத் தட்டவில்லை, வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு நிம்மதியா இருக்கா?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கொஞ்சம் நிம்மதி இருந்தது. அதைச் சொன்னேன். "ஆனா அதைவிட வருத்தம்தான் கூட. இன்னொரு தடவை போவோம்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் முறை.


மார்ச் 20, வெள்ளி

இரண்டாவது முயற்சி. திரும்பும் வழியில் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டினேன். "அது ஒண்ணும் கீழ விழுந்துராது, ஒழுங்கா ஓட்டுங்க" என்றாள்.


ஏப்ரல் 6, திங்கள்

இந்தத் தடவை கரு நின்றிருக்கிறது. ரத்தத்திலும் பார்த்துவிட்டார்கள்.

பஃப்ஸ் கருகிவிட்டது. என் தவறுதான்.


ஏப்ரல் 12, ஞாயிறு

நானே அக்காவைக் கூப்பிட்டேன். வடிவு உண்டாகியிருக்கிறாள் என்றேன். எப்படி என்று கேட்டாள். எப்படி என்று சொன்னேன். துண்டித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு, "புளிப்பு ஏதாவது கேக்காளா?" என்றாள்.

"மாங்காய் கேட்டா."

"மாங்கா சூடு. நான் நார்த்தங்கா கொண்டுவாறேன்."


ஏப்ரல் 28, செவ்வாய்

ஸ்கேன். திரையில் பயறு அளவுக்கு ஒன்று, அதன் நடுவில் துடிப்பு. டாக்டர் ஓரத்தைக் காட்டி, "நஞ்சுக்கொடி இங்கதான் உருவாகுது, நல்லா இருக்கு" என்றார். வடிவு என் கையைப் பிடித்தாள். நான் துடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.


மே 13, புதன்

வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானம் கடையில் ஒரு ஆள் வந்து தேங்காய் பன் வாங்கினார். பணம் கொடுத்த பிறகும் போகவில்லை. வேறு இரண்டு பேர் சாமான் வாங்கிப் போகும்வரை பிஸ்கட் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல திடகாத்திரமான ஆள். டிராக்டர் ஓட்டுகிறவராம், வீரவநல்லூர்ப் பக்கம்.

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துல காதுகுத்து வீட்டுல ஒருத்தர் பேசினாராமே. அவரு பேக்கரி வச்சிருக்காருன்னாவ. அவரைத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் போய்விடுவார். அவர் அதற்குத் தயாராகத்தான் நின்றார். மாஸ்டர் உள்ளே இருந்தார். பக்கத்துக் கடைப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்த டாக்டரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் ஒரு பெண் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கோயிலில் அழுதுகொண்டே மண்சோறு சாப்பிட்ட பெண் இல்லை. அவளைவிட வயது கூடுதல்.

"உங்க வீட்டுக்காரம்மாவா?"

"ஆமா. வெளிய நிக்கட்டும், ஆம்பளைங்க பேச்சு."

"கூப்பிடுங்க. இது ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சு."

அவர் தயங்கினார். பிறகு திரும்பிக் கையை ஆட்டினார். அந்தப் பெண் நம்பாமல் ஒரு முறை பின்னால் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள். வடிவுக்குக் கோடை விடுமுறை, கடையில்தான் இருந்தாள். கல்லாவிலிருந்து எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

இந்த முறை நான் டீ போடப் போகவில்லை. மாஸ்டரைப் போடச் சொல்லிவிட்டு, அவர்கள் எதிரில் உட்கார்ந்தேன்.